கடலில் ஒரு குடித்தனம்

பாய்மரப் படகில் உலகைச் சுற்றுவது என்றதும் எல்லோருக்கும் ஒரே படம்தான் மனதில் வரும். நீலக் கடல், வெள்ளைப் பாய், பக்கத்தில் துள்ளிக் குதிக்கும் டால்பின், பின்னால் அஸ்தமிக்கும் சூரியன். அப்படியே காலண்டர் படம்! ஆனால் உண்மையில் அப்படி வாழ்ந்தவர்கள் எழுதி வைத்ததைப் புரட்டினால் வேறு ஓர் உலகம் தெரிகிறது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம், உருளைக்கிழங்கில் எத்தனை அழுகிப் போனது, மண்ணெண்ணெய் எத்தனை நாளைக்கு வரும், அடுத்த துறைமுகத்தில் கையில் எவ்வளவு காசு இருக்கும்... மளிகைக் கடை நோட்டு மாதிரி ஒரே கணக்கு!

காரணம் எளிது. நடுக்கடலில் தெருமுனைக் கடை கிடையாது. உப்பு தீர்ந்து போனால் பக்கத்து வீட்டில் கடன் வாங்க முடியாது. 30 அடி நீளப் படகு என்பது நம் டவுன் பஸ்ஸை விடச் சின்னது. அதற்குள்தான் சமையலறை, படுக்கை, ஸ்டோர் ரூம், ஒர்க் ஷாப், ஆஸ்பத்திரி எல்லாம். இந்தக் குடித்தனத்தை எப்படி நடத்தினார்கள் என்பது, புயலையும் அலையையும் விட சுவாரஸ்யமான வரலாறு.

553 டாலர் 62 சென்ட்

இந்த வரலாற்றை ஜோஷுவா ஸ்லோகம் என்பவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1844-ல் பிறந்து அமெரிக்கக் குடிமகன் ஆனவர். பெரிய பாய்க்கப்பல்களுக்கு கேப்டனாக இருந்தவர். நீராவிக் கப்பல்கள் வந்து பாய்க்கப்பல் தொழிலைச் சாய்த்தபோது, நடுவயதில் வேலை இல்லாமல் கரையில் நின்றார். நண்பர் ஒருவர், "ஒரு கப்பல் தருகிறேன், கொஞ்சம் ரிப்பேர் பார்க்க வேண்டியிருக்கும்" என்ற தோரணையில் ஒரு படகைக் கொடுத்தார். போய்ப் பார்த்தால், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபேர்ஹேவன் என்ற ஊரில், ஒரு வயல்வெளியில் முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருந்த மக்கிப்போன சிப்பிப் படகு அது!

ஸ்லோகம் அசரவில்லை. பக்கத்தில் இருந்த ஓக் மரத்தை வெட்டி, பலகை பலகையாக மாற்றி, 13 மாதம் தன் கையாலேயே வேலை செய்து புதுப் படகாக்கினார். பொருட்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். அந்த 62 சென்டையும் விடாமல் எழுதி வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். 36 அடி 9 அங்குல நீளம் கொண்ட அந்தப் படகின் பெயர் 'ஸ்ப்ரே'. 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனில் கிளம்பியவர், 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட்டில் வந்து சேர்ந்தார். தனி ஆளாக உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர் அவர்தான்.

வழியில் அவர் குடித்தனம் நடத்திய விதம்தான் வேடிக்கை. கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்கத் துல்லியமான கடிகாரம் வேண்டும். அவரிடம் இருந்த நல்ல கடிகாரத்தைச் சுத்தம் செய்து சரிபார்க்க 15 டாலர் கேட்டார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டு, யார்மத் துறைமுகத்தில் ஒரு தகரக் கடிகாரம் வாங்கினார். விலை ஒன்றரை டாலர். முகக் கண்ணாடி உடைந்திருந்ததால் பேரம் பேசி ஒரு டாலருக்குப் படிந்தது. பின்னாளில் அதன் நிமிட முள்ளும் விழுந்துவிட்டது. நிலவும் நட்சத்திரங்களும் இருக்கும் இடத்தை அளந்து கணக்குப் போடும் பழைய முறை அவருக்குக் கைவந்த கலை என்பதால் சமாளித்தார்.

கேபினில் வெளிச்சத்துக்கு வைத்திருந்த விளக்கையே கொஞ்சம் மாற்றி அடுப்பாகவும் பயன்படுத்தினார். தென் அமெரிக்காவின் தென்கோடியில் கரை ஒதுங்கிக் கிடந்த கொழுப்புப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டார். ஜுவான் பெர்னாண்டஸ் தீவுக்குப் போனதும் அந்தக் கொழுப்பில் பணியாரம் மாதிரி சுட்டுத் தீவுக்காரர்களுக்குக் கொடுத்து, அவர்களுக்கும் சுடக் கற்றுக் கொடுத்தார். அப்புறம் என்ன, கொழுப்புக்கு கிராக்கி வந்துவிட்டது! மூழ்கிய பழங்காலக் கப்பலிலிருந்து கிடைத்த நாணயங்கள் கூட விலையாக வந்தன. முதலில் இலவச சாம்பிள், பிறகு விற்பனை. இன்றைய மார்க்கெட்டிங் பாடம்!

மெல்போர்னில் துறைமுக அதிகாரிகள் படகின் கொள்ளளவுக்கு வரி கேட்டார்கள். கட்டினார். பிறகு, படகைப் பார்க்க வருபவர்களிடம் ஆளுக்கு ஆறு பென்ஸ் வசூலித்தார். கூட்டம் குறைந்ததும் ஒரு சுறாவைப் பிடித்து வைத்து, அதைக் காட்டவும் ஆறு பென்ஸ்! வரிப்பணம் திரும்ப வந்துவிட்டது.

கணக்கு தப்பிய ஒரே பயணி ஓர் ஆடுதான். செயின்ட் ஹெலினா தீவில் யாரோ அன்பாகக் கொடுத்தார்கள். அது கயிறுகளைத் தின்றது, கரீபியன் கடலின் வரைபடத்தையே தின்றது, கடைசியில் அவரது வைக்கோல் தொப்பியையும் தின்றுவிட்டது. அடுத்த தீவிலேயே ஆட்டை இறக்கி விட்டார்.

தண்ணீர்: முதல் கணக்கு

கடல் குடித்தனத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது குடிதண்ணீர்தான். இந்திய நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டுத்தான் குடிநீர்த் திட்டம் போடுகிறார்கள். சிறு படகுக்காரர்கள் குடிக்க, சமைக்க என எல்லாம் சேர்த்து ஆளுக்கு 4 லிட்டருக்குள் ஓட்டப் பழகினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு ஆளுக்கு மாதத்துக்கு 120 லிட்டர். அதாவது நகரத்தில் ஒருவருக்கு ஒரே நாளுக்கு ஒதுக்குவதை விட, கடலில் ஒரு மாதத்துக்கு ஆகும் தண்ணீர் குறைவு!

அதற்கு மேல் ஏன் எடுத்துப் போகவில்லை? எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு பேருக்கு ஒரு மாதத் தண்ணீரே 240 கிலோ. சின்னப் படகு அதற்கு மேல் தாழ்ந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் நாள் கூடும், நாள் கூடினால் இன்னும் தண்ணீர் வேண்டும்!

அதனால் பாத்திரம் கழுவ, துணி துவைக்க, குளிக்க எல்லாம் கடல் நீர். சாதாரண சோப்பு உப்புத் தண்ணீரில் நுரைக்காது. கடல் நீரில் துவைத்த துணியோ சரியாகக் காயவே காயாது. துணியில் தங்கும் உப்பு, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழை வந்தால்தான் திருவிழா. பாயின் அடியில் வாளி கட்டி மழைநீர் பிடிப்பார்கள். முதலில் வழியும் தண்ணீரை விட்டுவிட வேண்டும், அது பாயில் படிந்த உப்பைக் கழுவிக்கொண்டு வரும். மொட்டை மாடியில் மழைநீர் சேகரிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியும்.

தண்ணீரை ஒரே தொட்டியில் வைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. இங்கிலாந்தைச் சேர்ந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-ல் உலகைச் சுற்றும்போது, தெற்குக் கடலில் அவர் படகு புயலில் சாய்ந்தது. பிறகு பார்த்தால் தொட்டித் தண்ணீர் குடிக்க முடியாதபடி கெட்டுப் போயிருந்தது. தனியாகக் கேன்களில் வைத்திருந்த கொஞ்சம் தண்ணீரும், பிடித்த மழைநீரும்தான் அவரைக் காப்பாற்றின.

இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றிய கண்டுபிடிப்பில் ஓர் இந்தியருக்குப் பங்கு உண்டு. 1950-களின் கடைசியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்பவரும் சேர்ந்து, உப்பைத் தடுத்து நீரை மட்டும் வேகமாக வெளியே விடும் மெல்லிய சவ்வை உருவாக்கினார்கள். (சௌரிராஜன் என்பது நம் திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர்.) இன்று வீட்டுச் சமையலறையில் இருக்கும் 'ஆர்.ஓ.' இயந்திரத்தின் அடிப்படை அதுதான். பிறகு அதே தத்துவத்தில் படகுகளுக்கும் சின்ன இயந்திரங்கள் வந்தன. கடல்நீரை உள்ளே விட்டால் குடிநீர் வெளியே வரும்.

பிரஷர் குக்கரும் முட்டைக் கணக்கும்

அடுத்தது அடுப்பு. ஆடுகிற படகில் கொதிக்கும் குழம்பு என்பது ஆயுதம்! அதற்காக அடுப்பை இரு பக்கமும் அச்சில் தொங்கவிட்டார்கள். படகு சாய்ந்தாலும் அடுப்பு நேராக நிற்கும். 1892-ல் ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய 'பிரைமஸ்' பம்ப் ஸ்டவ் பல பத்தாண்டுகள் படகுகளின் சமையலறையை ஆண்டது. நம் பாட்டிமார் பம்ப் அடித்துப் பற்றவைத்த அதே ஜாதி. கேஸ் அடுப்பு வந்தபிறகும் சிலர் மண்ணெண்ணெயை விடவில்லை. சிலிண்டர் கேஸ் காற்றை விடக் கனமானது. வீட்டில் கசிந்தால் ஜன்னலைத் திறக்கலாம். படகில் அது கீழே இறங்கி அடிவயிற்றில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்.

பிரஷர் குக்கர் அங்கேயும் செல்லப்பிள்ளைதான். மூடி பூட்டிக்கொள்வதால் கவிழ்ந்தாலும் கொட்டாது, எரிபொருள் மிச்சம், தண்ணீரும் மிச்சம். உருளைக்கிழங்கு வேகவைக்கும்போது நல்ல தண்ணீரோடு கொஞ்சம் கடல் நீரைக் கலந்துவிட்டால் உப்பும் போட வேண்டியதில்லை.

ஃபிரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டதற்கும் உத்திகள் உண்டு. ஃபிரிட்ஜில் ஒருமுறை கூட வைக்காத முட்டைகளாகத் தேடி வாங்குவார்கள். ஓட்டின் மேல் வாஸ்லைன் தடவி, சில நாட்களுக்கு ஒருமுறை திருப்பி வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. டின்களின் காகித லேபிளைக் கிழித்துவிட்டு, பெயின்டால் பெயர் எழுதி வைப்பார்கள். ஈரத்தில் லேபிள் உரிந்து தண்ணீர் வெளியேற்றும் பம்பை அடைத்துக்கொள்ளும் என்பது ஒரு காரணம். எந்த டின்னில் என்ன என்று தெரியாமல் போவது இன்னொரு காரணம்!

லின் பார்டி என்ற பெண்மணி, ஜப்பானிலிருந்து கனடாவுக்கு 49 நாள் பசிபிக்கைக் கடந்தபோது தினமும் என்ன சமைத்தார், எது கெட்டது, எது மிஞ்சியது என்று குறித்து ஒரு புத்தகமே எழுதினார். வீரசாகசப் புத்தகங்களை விட இந்தச் சமையல் கணக்குதான் பின்னால் கிளம்பிய பலருக்குக் கைகொடுத்தது.

தூக்கமும் சுக்கானும்

தனியாகப் போகிறவருக்கு இன்னொரு சிக்கல். தூங்கும்போது சுக்கானை யார் பிடிப்பது? ஸ்லோகம் பாய்களைச் சரியாக அமைத்து, சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டுத் தூங்கினார். 2,700 மைல் கடந்து கோகோஸ் தீவுகளுக்குப் போன 23 நாட்களில், மொத்தமே சுமார் மூன்று மணி நேரம்தான் சுக்கானைப் பிடித்தாராம்! எல்லாப் படகும் அப்படி நேராகப் போகாது. 1960-ல் பிளைமவுத்திலிருந்து நியூயார்க் வரை அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் முதல் போட்டி நடந்தது. அதற்கு யோசனை சொன்ன பிளாண்டி ஹாஸ்லர், காற்றின் திசையை வைத்துத் தானே சுக்கானைத் திருப்பும் கருவியைத் தன் படகில் பொருத்தியிருந்தார். மின்சாரம் வேண்டாம், சம்பளம் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். தூரத்துப் படகு வாழ்க்கையைச் சாதாரண மனிதர்களுக்கும் சாத்தியமாக்கியது இதுதான்.

வருமானம் எங்கிருந்து?

இப்படி வாழ்ந்தவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் இல்லை. 1952 முதல் 1955 வரை 30 அடிப் படகில் உலகைச் சுற்றிய எரிக் – சூசன் ஹிஸ்காக் தம்பதி புத்தகமும் கட்டுரையும் எழுதிச் சம்பாதித்தார்கள். லின் பார்டியும் கணவர் லாரியும் தாங்களே கட்டிய 'செராஃபின்' என்ற 24 அடிப் படகில், 1969-லிருந்து 11 ஆண்டுகள் உலகைச் சுற்றினார்கள். அதில் இன்ஜினே கிடையாது! கழிவறைக்கு ஒரு வாளி, வெளிச்சத்துக்கு மண்ணெண்ணெய் விளக்கு. துறைமுகம் துறைமுகமாக நின்று தச்சு வேலை, பாய்க்கயிறு வேலை, மற்றவர்களின் படகைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை என்று செய்தார்கள்.

இன்ஜின் வாங்கக் காசு இல்லை என்பது மட்டும் காரணமல்ல. இன்ஜின் இருந்தால் டீசல் வேண்டும், ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டும், அவற்றுக்கு இடம் வேண்டும், பழுதானால் மெக்கானிக் வேண்டும். அவ்வளவுக்கும் சம்பாதிக்கக் கரையில் இன்னும் சில மாதம் நிற்க வேண்டும். ஒரு பொருளின் விலை என்பது கடையில் கொடுக்கும் பணம் மட்டுமல்ல, அதைப் பராமரிக்க ஆகும் காலமும்தான் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

இரண்டு கணக்கு நோட்டுகள்

கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 1968-ல் நடந்த ஒரு போட்டி காட்டியது. எங்கும் நிற்காமல், தனியாக, பாய்மரப் படகில் உலகைச் சுற்ற வேண்டும். 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை நடத்தியது. முதலில் வருபவருக்குக் கோப்பை, குறைந்த நாளில் முடிப்பவருக்கு 5,000 பவுண்ட். கிளம்பியவர்கள் 9 பேர்.

அதில் ஒருவர்தான் மேலே சொன்ன நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவரது 32 அடிப் படகு 'சுஹைலி' பம்பாயில், தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து கிளம்பினார். ஒவ்வொன்றாகக் கெட்டது. படகின் அடியில் கசிவு, நடுக்கடலில் குதித்துத் தண்ணீருக்குள் மூச்சடக்கி அடைத்தார். ரேடியோ போனது. தண்ணீர் கெட்டது. தானியங்கிச் சுக்கான் கருவி உடைந்தது. பிறகு ஸ்லோகம் மாதிரியே பாய்களைச் சமன்செய்து ஓட்டினார். நியூசிலாந்தைத் தாண்டியபின் நான்கு மாதத்துக்கு மேல் அவரைப் பற்றித் தகவலே இல்லை. 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மவுத்துக்கே திரும்பி வந்தார். போட்டியை முடித்தது அவர் ஒருவர்தான்.

இன்னொருவர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி நடத்தியவர், நான்கு குழந்தைகளின் தந்தை. கம்பெனி நொடித்துக்கொண்டிருந்தது. பயணம் தோற்றால் படகின் விலையைத் தானே ஏற்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் மாட்டியிருந்தார். கிளம்ப அனுமதித்த கடைசி நாளான அக்டோபர் 31 அன்று, வேலை முடியாத படகில் அவசரமாகக் கிளம்பினார். தேவையான உதிரி பாகங்கள் கரையிலேயே கிடந்தன. சில வாரங்களிலேயே படகு கசியத் தொடங்கியது. முன்னால் போனால் மரணம், திரும்பினால் திவால்.

அப்போது அவர் இரண்டாம் நம்பர் கணக்கு எழுதத் தொடங்கினார். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இடங்களை ரேடியோவில் அனுப்பினார். அவர் வேகமாக வருகிறார் என்று நம்பி, நைஜல் டெட்லி என்ற போட்டியாளர் தன் பழுதான படகை விரட்ட, அது 1969 மே மாதம் மூழ்கியது. (அவர் உயிர் தப்பினார்.) பரிசு தனக்கு வரப்போகிறது, தன் நோட்டுகளை எல்லோரும் சோதிப்பார்கள் என்று குரோஹர்ஸ்ட்டுக்குத் தெரிந்துவிட்டது. அவரது கடைசிக் குறிப்பு ஜூலை 1 தேதியிட்டது. ஜூலை 10 அன்று ஆளில்லாத படகு மட்டும் கிடைத்தது, நோட்டுகளோடு.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ன செய்தார் தெரியுமா? தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டையும் குரோஹர்ஸ்ட்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இருவருக்கும் படகு கசிந்தது. இருவருக்கும் கருவிகள் கெட்டன. ஒருவர் தன்னிடம் மிச்சம் இருப்பது என்ன என்று தினமும் உண்மையாகப் பார்த்து, அதற்குள் வாழ்ந்தார். இன்னொருவரைக் கரையில் வாங்கிய கடன் அப்படிப் பார்க்க விடவில்லை. அவரைக் கோழை என்றோ மோசடிக்காரர் என்றோ சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கிளம்பும் முன்பே அவரது கணக்கில் துண்டு விழுந்திருந்தது என்பதுதான் உண்மை.

இன்று

இன்றைய படகுகளில் சோலார் பேனல், ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள் இணையம், ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு. வாழ்க்கை எளிதாகிவிட்டது. ஆனால் கணக்கு ஒழியவில்லை, இடம் மாறிவிட்டது. முன்பு தண்ணீரை எண்ணினார்கள், இப்போது பேட்டரியை எண்ணுகிறார்கள். பேட்டரி தீர்ந்தால் குடிநீர் இயந்திரமும் நின்றுவிடும். அதனால் அனுபவசாலிகள் இன்றும் தனியாகக் கேன்களில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள்.

பழைய கணக்கை விரும்பித் தேடிப் போகிறவர்களும் உண்டு. 1968 போட்டியின் பொன்விழாவாக 2018-ல், அந்தக் காலக் கருவிகளோடு மட்டும் போகும் போட்டி நடந்தது. இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டாமி, கோவாவில் கட்டிய சுஹைலியின் மறுபதிப்பான 'துரியா'வில் கலந்துகொண்டார். செப்டம்பரில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டு மீட்கப்பட்டார். மனிதர் விடவில்லை. அடுத்த போட்டியில் மீண்டும் கிளம்பி, 2023-ல் இரண்டாவதாக வந்தார்.

2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் இந்தியக் கடற்படையின் இரண்டு பெண் அதிகாரிகள் மட்டும் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். கேரளத்தைச் சேர்ந்த தில்னா, நம் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. சுமார் 8 மாதம் கழித்து 2025 மே மாதம் வெற்றியோடு திரும்பினார்கள். செய்திகளில் அலையும் புயலும் வந்தன. அந்த 8 மாதமும் இரண்டு பேர் மாறி மாறிக் காவல் இருந்து, மாறி மாறிச் சமைத்து, மாறி மாறித் தூங்கி, கிழிந்ததைத் தைத்து, உடைந்ததைச் சரிசெய்து நடத்திய குடித்தனம்தான் அவர்களைக் கரை சேர்த்தது.

கடலைக் கடப்பதற்குத் தைரியம் வேண்டும்தான். ஆனால் அந்தத் தைரியத்துக்கும் தினமும் காலையில் தொட்டியைத் திறந்து, எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். குறைவாக இருந்தால் குறைவு என்றே எழுத வேண்டும்.